நனைந்த தானியமும் நான்காண்டுக் காரும்



எழுபது இலட்சம் ரூபாய்க் காரைப் பற்றி மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவர் எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். நமது வாகனம் பதினோரு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்கூட்டர். ஆனால் ஃபிக்ஹு நூல்களில் கொடுக்கல் வாங்கல் பாடத்தைத் திறந்து பாருங்கள். ஒட்டகமும் குதிரையும் கோவேறு கழுதையும் வாராத பக்கம் குறைவு. அன்றைய மக்களுக்கு அவைதாம் வாகனங்கள். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், விற்கும்போது எதைச் சொல்ல வேண்டும், வாங்கிய பின் குறை தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் இமாம்கள் வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தி வருகிற நமக்கு, அது முழுவதும் ஒரே காரைச் சுற்றி வந்து நின்ற அனுபவம் அண்மையில் கிடைத்தது.

சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் இன்று சென்னையில் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறார். வயது முப்பத்திரண்டு. சில மாதங்களுக்கு முன் அஸருக்குப் பின் வந்து அமர்ந்தார். “ஹஜ்ரத், ஒரு மஷூரா வேணும். புதுசா வாங்கட்டுமா, பழசா வாங்கட்டுமா?” என்றார். எதை என்று கேட்டோம். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பி.எம்.டபிள்யூ எம்340ஐ.

அதன் பின் அரை மணி நேரம் அவர் ஆசிரியர், நாம் மாணவர். பார்ப்பதற்குச் சாதாரண நான்கு கதவுக் கார். உள்ளே மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 2021 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமானபோது 387 குதிரைத் திறன்; நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 4.4 வினாடியில் எட்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அன்றைய ஷோரூம் விலை 62.90 இலட்சம். பொருத்தப்படுவது வேறெங்கும் அல்ல, 2007 முதல் இயங்கி வரும், செங்கல்பட்டுப் பக்கத்து மஹிந்திரா வேர்ல்டு சிட்டியிலுள்ள ஆலையில்தான். இதே நிறுவனத்தின் எம்5, 727 குதிரைத் திறனுடன் ஏறத்தாழ இரண்டு கோடிக்கு வருகிறதாம். அதைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரலே தாழ்ந்துவிட்டது. நல்லவேளையாக அது அவருடைய எண்ணத்தில் இல்லை.

குதிரைத் திறன் என்னும் சொல் நமக்குப் பிடித்திருந்தது. 387 குதிரைகளை ஒரு மனிதர் அலுவலகத்திற்கு ஓட்டிச் செல்வதைக் கற்பனை செய்து பார்த்தோம்.

அவர் முதலில் கேட்டது, இதை வாங்குவது ஆகுமா என்பது. இதில் நம்மவர்களிடையே இரண்டு விதமான அவசரங்களைக் காண்கிறோம். விலையைக் கேட்டவுடனே வீண்விரயம் என்று தீர்ப்புச் சொல்வோர் ஒரு சாரார். அல்லாஹ் கொடுத்தான், அனுபவிக்கிறோம் என்று கேள்விக்கே இடமளிக்காதோர் மறு சாரார். அடியார்மீது தான் செய்த அருளின் அடையாளம் வெளிப்படுவதை அல்லாஹ் விரும்புகிறான் என்ற கருத்தில் திர்மிதியில் நபிமொழி உண்டு. சுகமான வாகனத்தை மனிதனின் நற்பேறுகளுள் ஒன்றாகக் கூறும் நபிமொழியை இப்னு ஹிப்பான் பதிவு செய்துள்ளார்கள். நல்ல ஆடையையும் நல்ல செருப்பையும் விரும்புவது பெருமையாகுமா என்று கேட்கப்பட்டபோது, உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். எனவே பொருளின் விலை ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க இயலாது. செலவு செய்பவரின் வசதி, அவர் மீதுள்ள கடமைகள், அவருடைய உள்ளம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். முதலிரண்டை நாம் விசாரிக்கலாம். மூன்றாவதை அவர்தாம் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வேகத்தை விரும்புவதும் குற்றமல்ல. பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் நபி (ஸல்) அவர்கள் பந்தயம் நடத்தினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. அதே புகாரியில் அள்பா என்னும் ஒட்டகத்தின் செய்தியும் உண்டு. எதுவும் முந்த முடியாத ஒட்டகம் அது. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு மனவருத்தம். உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள். வேகமான வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்தச் செய்தியைச் சொல்லி வருகிறோம். சொன்னதும் மாணவர் சிரித்தார். பின்னர், நாட்டின் நான்குவழி நெடுஞ்சாலைகளில் 2018ஆம் ஆண்டு அறிவிப்பின்படி உச்சவரம்பே 100 கிலோமீட்டர்தான் என்பதையும் அவரே சொன்னார். நான்கரை வினாடியில் சட்டத்தின் எல்லையைத் தொட்டுவிடும் வாகனத்தை மீதி நேரமெல்லாம் அடக்கி ஓட்டுவதுதான் அதை வைத்திருப்பவரின் வேலை போலும்.

அடுத்துப் பணக்கணக்கு. இது நாம் அறியாத துறையாதலால் அவர் சொன்னதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டோம். புதிய காரின் விலை 70 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. அந்த விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். தமிழ்நாட்டில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். அப்படியானால் 14 இலட்சம் சாலைக்கு. காப்பீடு தனி. ஒரு சதவீதம் வருமான வரியில் கழித்துக்கொள்ளத்தக்கதாகப் பிடிக்கப்படும். ஆக, சாவியைக் கையில் வாங்கும்போது 85 இலட்சத்தைத் தாண்டிவிடும்.

வாங்கிய மறுநாளே மதிப்பு இறங்கத் தொடங்குகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மான அட்டவணை நமக்கு வியப்பளித்தது. ஆறு மாதம் தாண்டினால் 15 சதவீதம், ஓராண்டைத் தாண்டினால் 20, இரண்டைத் தாண்டினால் 30, மூன்றுக்கு மேல் 40, நான்கைக் கடந்தால் 50 என்று மதிப்பு கழிக்கப்படுகிறது. சந்தை விலை இதே கணக்கில் இறங்குவதில்லை என்றாலும் ஆடம்பரக் கார்கள் சறுக்கும் திசை இதுதான். அதே இன்ஜின், அதே கியர்பெட்டி, அதே இருக்கை. நான்கு ஆண்டுக்குப் பின் பாதி விலைக்குச் சற்று மேலே கிடைக்கும். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட காராயின் முதல் உரிமையாளர் கட்டிய ஆயுட்கால வரி காரோடு சேர்ந்தே வரும். தில்லியில் பெட்ரோல் கார்களுக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 ஆண்டு என்ற கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து மலிவாகக் கார்கள் தெற்கே வருகின்றன. ஆனால் அவற்றுக்குத் தடையின்மைச் சான்று பெற்று, இங்கே மறுபதிவு செய்து, வரியையும் கட்ட வேண்டும். அந்த அலைச்சல் தமக்கு வேண்டாம் என்றார்.

கடன் பற்றி நீண்ட பேச்சு இல்லை. வட்டிக் கடனில் வாங்குவதில்லை என்று அவர் முன்பே உறுதி கொண்டிருந்தார், அல்ஹம்துலில்லாஹ். வளைகுடாவிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் உள்ள சகோதரர்களுக்கு முராபஹா முறையில் வாங்கும் வாய்ப்பு உண்டு. நிதி நிறுவனம் முதலில் காரைத் தன் உடைமையாக்கிக்கொண்டு, பின்னர் இலாபத்தோடு நமக்கு விற்க வேண்டும் என்பது அதன் உயிரான நிபந்தனை. கையொப்பமிடும்போது அது உண்மையில் நடக்கிறதா, காகிதத்தில் மட்டும் நடக்கிறதா என்று கவனிப்பது நன்று. இந்தியாவில் நடப்பிலுள்ள வங்கிச் சட்டத்தில் அதற்கு வழியில்லை. ஆகவே ரொக்கம்.

ரொக்கம் என்றவுடன் ஜகாத்தைக் கேட்டோம். காருக்காக ஒதுக்கிய 50 இலட்சம் ஓராண்டுக்கும் மேலாக அவருடைய கணக்கில் இருந்திருக்கிறது. சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்கு ஜகாத் இல்லை என்பதை அறிந்திருந்த அவர், வாகனம் வாங்குவதற்காக வைத்த பணத்துக்கும் இல்லை என்று எண்ணியிருந்தார். காருக்கு இல்லை; காராக மாறாத பணத்துக்கு உண்டு. 50 இலட்சத்துக்கு 1,25,000 ரூபாய். அன்றே கணக்கிட்டு ஒதுக்கினார். இந்த மயக்கம் பலரிடமும் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறோம். வீடு கட்டச் சேர்த்து வைக்கும் பணத்துக்கும் திருமணத்துக்குச் சேர்க்கும் பணத்துக்கும் சட்டம் இதுவே.

பழைய கார் என்று முடிவாயிற்று. பழைய பொருளை வாங்குவதில் இழிவு ஏதுமில்லை. ஜாபிர் (ரலி) அவர்களின் களைத்துப்போன ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்கள் விலைபேசி வாங்கினார்கள். மதீனா சென்றதும் விலையையும் கொடுத்து ஒட்டகத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதை நாம் அறிவோம். அத்தகைய விற்பனையாளரோ வாங்குபவரோ இன்று கிடைக்கமாட்டார்கள் என்பதால்தான் ஃபிக்ஹு தேவைப்படுகிறது.

பால் கறக்கும் ஆட்டின் மடியை, ஒட்டகத்தின் மடியைச் சில நாள் கறக்காமல் கட்டி வைத்துச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். பெருத்த மடியைப் பார்த்து வாங்குபவர் ஏமாறுவார். இதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏமாந்தவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுக்கலாம் என்றார்கள். வகுப்பில் இதற்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் மாணவர்கள் உடனே சொல்வது கிலோமீட்டர் மீட்டரைப் பின்னுக்குத் திருப்புவதைத்தான். ஓடிய தூரத்தைக் காருக்குள் இருக்கும் வேறு சில கணினிப் பகுதிகளும் தனித்தனியே பதிந்து வைத்திருக்கும் என்றும், முகப்பில் திருத்தியவர் எல்லா இடத்திலும் திருத்த மறந்துவிடுவார் என்றும் மாணவர் சொன்னபோது நமக்கு வேறொரு நினைவு வந்தது. மறுமையில் கைகளும் கால்களும் சாட்சி சொல்லும் என்பதை நாம் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்.

அவர் பார்க்கப்போகும் காரியங்களையும் கேட்டுக்கொண்டோம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். கார் 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லப்பட்டு, நான்கு டயரும் புதியதாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். காப்பீட்டுத் தாளில் நோ கிளெய்ம் போனஸ் சுழியமாக இருந்தால், முந்தைய ஆண்டில் இழப்பீடு கோரியிருக்கலாம். போக்குவரத்துத் துறையின் இணையப் பதிவில் எத்தனையாவது உரிமையாளர், கடன் நிலுவை உண்டா என்பதெல்லாம் தெரியும். சீட் பெல்ட்டை முடிவு வரை இழுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எதற்கு என்றோம். “வெள்ளத்துல நின்ன வண்டியா இருந்தா, பெல்ட்டோட அடிப்பகுதியில சேத்துக் கறை இருக்கும் ஹஜ்ரத். இருக்கையைக் கழுவுறவங்க அதை மறந்துடுவாங்க.”

இப்படித்தான் பேச்சு வெள்ளத்துக்கு வந்தது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. காற்று உறிஞ்சும் குழாய் வழியே நீர் சிலிண்டருக்குள் சென்றால், காற்றைப் போல நீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அது உடனே தெரியும் நோய். தெரியாத நோய் மின்கம்பிகளில் இருக்கிறது. இணைப்புகளுக்குள் புகுந்த ஈரம் செம்பைப் பச்சை பிடிக்கச் செய்து, ஓராண்டு ஈராண்டு கழித்து ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும். காற்றுப்பையை இயக்கும் கருவியும் தரையை ஒட்டியே இருப்பதால், விபத்து நேரத்தில்தான் அதன் நிலை தெரியவரும். தாழ்வான செடான் கார்களுக்கு நீர் ஏறுவது எளிது.

பேச்சின் இறுதியில் தாம் ஏறத்தாழ முடிவு செய்துவிட்ட காரின் படத்தைக் காட்டினார். 2021ஆம் ஆண்டுக் கார், ஒரே உரிமையாளர், கேட்கும் விலை 42 இலட்சம், தரகர் வழியாக வந்தது. “நம்பரைப் பாருங்க ஹஜ்ரத்,” என்று பெரிதாக்கினார். 0786. இந்த எண்ணுக்காகப் போட்டியிட்டுப் பணம் கட்டும் வழக்கத்தைப் பற்றி நமக்குச் சொந்தக் கருத்து உண்டு. அதை வேறொரு நாள் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ். அன்று நம்மைத் திடுக்கிட வைத்தது வேறு. அந்தக் காரை நாம் அறிவோம்.

நமது மஹல்லாவைச் சேர்ந்த வணிகர் ஒருவருடைய கார் அது. 2023 டிசம்பரில் அவருடைய குடியிருப்பின் தரைக்குக் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டிருந்தபோது மூழ்கியது. காப்பீட்டுத் தொகையில் தாம் கட்டியதைவிடக் கூடுதலாக வருவதை எடுத்துக்கொள்ளலாமா என்று மஸ்அலா கேட்டு நம்மிடம் வந்திருந்தார். அப்படித்தான் நமக்குத் தெரியும். மேலும், நமது மத்ரஸாவில் தங்கி ஓதும் பிள்ளைகளின் வெள்ளிக்கிழமைப் பகல் உணவை ஏழு ஆண்டுகளாக ஏற்றிருப்பவர் அவர். அண்மைக் காலமாக வணிகம் நலிந்து, சரக்குக் கொடுத்தவர்களுக்கு நிலுவை இருப்பதையும் அறிந்திருந்தோம். காரை விற்பது அதற்காகத்தான்.

மாணவரிடம், “தொகை கொடுப்பதை இரண்டு நாள் தள்ளி வையுங்கள் தம்பி” என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அன்றிரவு கிதாபுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். நமக்குத் தெரியாத சட்டத்தைத் தேடியல்ல. ஒருவர் மஸ்அலா கேட்க வந்து சொன்னது அமானிதம். அதை வெளியே சொல்வது புறமாகுமா? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் புறம் ஆகுமாக்கப்படும் இடங்களைக் கணக்கிடும்போது, ஒரு முஸ்லிமுக்குக் கேடு வராமல் எச்சரிப்பதையும் அவற்றுள் சேர்க்கிறார்கள். விற்பவர் மட்டுமல்ல, குறையை அறிந்த மூன்றாம் நபரும் வாங்குபவருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கொண்டுவருகிறார்கள். ஒருவர் தம் பெண் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அருகில் நின்ற வாஸிலா (ரலி) அவர்கள் கவனிக்கவில்லை. வாங்கியவர் ஒட்டகத்தோடு போய்க்கொண்டிருந்தார். பின்னே விரைந்து சென்று, இறைச்சிக்காக வாங்கினீரா, ஏறிச்செல்லவா என்று கேட்டார்கள். ஏறிச்செல்ல என்றார் அவர். அதன் குளம்பில் துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று தெரிவித்தார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் நூறு திர்ஹம் குறைத்துவிட்டு, என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று வாஸிலா (ரலி) அவர்களிடம் வருந்தினார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் வாக்களித்திருப்பதையும், குறையைத் தெளிவுபடுத்தாமல் விற்பதும் அறிந்தவர் சொல்லாமல் இருப்பதும் ஆகாது என்று தாம் செவியுற்றதையும் அவர்கள் சொன்னார்கள்.

சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை உணவுதான் இடையில் நின்றது.

மறுநாள் காலை வணிகரின் கடைக்குச் சென்றோம். நாமே வாங்குபவரிடம் சொல்வதற்கு முன், விற்பவருக்குச் சொல்ல வாய்ப்பளிப்பது முறை என்று எண்ணினோம். தேநீர் வரவழைத்தார். காரைப் பற்றிக் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“கேட்டா சொல்லுவேன் ஹஜ்ரத். யாரும் கேட்கலையே.”

பின்னர் தம் பக்க நியாயத்தை வரிசையாக வைத்தார். அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில்தான் பழுது பார்த்தது, பில்கள் எல்லாம் இருக்கின்றன. அதன் பின் இரண்டு ஆண்டு ஓடியிருக்கிறது. விலையையும் சந்தையைவிடக் குறைத்தே சொல்லியிருக்கிறார். இருக்கும் நிலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதி வாங்கத் தரகர் ஏற்பாடு செய்திருக்கிறார். இறுதியாக, “நான் ஹனஃபி ஹஜ்ரத். எங்க மத்ஹபுல இது செல்லும்னு சொன்னாங்க” என்றார்.

இதை நாம் எதிர்பார்க்கவில்லை. ஒருவகையில் மகிழ்ச்சியாகவும் இருந்தது. கடைத்தெருவில் ஒருவர் பராஅத் நிபந்தனையைப் பற்றிப் பேசுகிறாரே என்று. அவர் சொன்னது சட்ட அளவில் சரியானதே. எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு விற்றால், குறைகளைப் பெயர் சொல்லாவிட்டாலும் ஹனஃபி மத்ஹபில் அது செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்துப்படி, உயிர்ப்பிராணியில் உள்ள, விற்பவரும் அறியாத மறைவான குறைக்கு மட்டுமே அந்த நிபந்தனை பயன்படும். பிராணி ஆரோக்கியத்திலும் நோயிலும் ஒன்றுபோலத் தின்னும், அதன் உள்நிலை மாறிக்கொண்டே இருக்கும் என்பது காரணம். இன்றைய கார்களின் மின்னணுக் கோளாறுகளைக் கேட்டால் அவற்றையும் பிராணியோடு சேர்த்துவிடலாமோ என்று தோன்றும். ஆனால் சட்டம் அப்படி இல்லை. இது ஒருபுறமிருக்க, அறிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் இரண்டு மத்ஹபுக்கும் வேறுபாடு கிடையாது. வாங்கியவர் பின்னர் வந்து திருப்பிக் கொடுக்க இயலுமா என்பது ஒரு கேள்வி. விற்றவர் அல்லாஹ்விடம் தப்பிக்க இயலுமா என்பது இன்னொரு கேள்வி. அந்த நிபந்தனை முதல் கேள்விக்குத்தான் விடை.

விலையைக் குறைத்ததும் விடையாகாது என்றோம். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. மழை பட்டுவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அந்த வணிகர் மழையை வரவழைக்கவில்லை. இவரும் புயலை வரவழைக்கவில்லை. ஈரத்தை மேலே வைப்பது மட்டுந்தான் இருவரிடமும் கேட்கப்பட்டது.

நெடுநேரம் பேசாமல் இருந்தார். “எட்டு ஒன்பது இலட்சம் போயிடும் ஹஜ்ரத். அந்தப் பணம் என்னுதில்ல, சரக்குக்காரங்களுது” என்றார். அதற்கு நம்மிடம் எளிதான பதில் இல்லை. கடனை அடைக்க வேண்டியது கடமை. அதை மாணவரின் பணத்தில் அடைக்க முடியாது என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது? இரண்டு நாளில் அவர் சொல்லாவிட்டால் நாம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிட்டு எழுந்தோம். தேநீர் குடிக்கப்படாமலே ஆறிப்போயிருந்தது.

மறுநாள் இரவு இஷாவுக்குப் பின் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். உரிமையாளரே தரகரைத் தாண்டிப் பேசியிருக்கிறார். நடந்ததைச் சொல்லி, பணிமனைப் பில்களையும் அனுப்பியிருக்கிறார். அதற்காக மாணவருக்கு அவர்மீது மதிப்பு கூடியிருந்தது. காரின் மீதிருந்த ஆசை முழுவதும் குறையவும் இல்லை. என்ன செய்யலாம் என்று கேட்டார். மூன்று நாள் வரை முடிவை நிறுத்தி வைக்கும் உரிமையோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், அதற்குக் கியாருஷ் ஷர்த் என்று பெயர் என்றோம். நம்மவர்கள் இதைப் பயன்படுத்துவதே இல்லை. ஒரு கார் வாங்கும்போது நல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்ட மூன்று நாள் போதுமானது. வணிகரும் ஒப்புக்கொண்டார்.

மெக்கானிக் முன் இருக்கையைக் கழற்றி, அடியிலிருந்த கம்பள விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். இணைப்பு ஒன்றில் பச்சை பூத்திருந்தது. கணினிச் சோதனையில் மேலும் இரண்டு பழுதுகள் தெரிந்தன. இரண்டாம் நாள் மாலை மாணவர் ஒப்பந்தத்தை முறித்தார். முன்பணம் முழுமையாகத் திரும்பக் கிடைத்தது. ஆறு வாரம் கழித்துக் கோயம்புத்தூரில் மூன்றாண்டு ஓடிய வேறொரு காரை வாங்கினார். அதில் நம்மை ஏற்றிவந்து இறக்கியபோது, மத்ரஸாத் தெருவின் வேகத்தடையில் அடிப்பகுதி உரசிய சத்தம் கேட்டது. 374 குதிரைகளை நிறுத்திவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தார்.

வணிகர் அந்த வாரங்களில் தொழுகைக்கு வந்தார், ஸலாம் சொன்னார், நின்று பேசவில்லை. வெள்ளிக்கிழமை உணவை மகன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சென்றார். இரண்டு மாதம் கழித்து, இத்தகைய கார்களைப் பழுது பார்க்கும் பணிமனைக்காரர் ஒருவர் அதை 33 இலட்சத்துக்குக் கேட்டார். விற்பனை நாளன்று வணிகர் நம்மைக் கடைக்கு அழைத்தார். பதிவுமாற்றப் படிவங்களோடு வெள்ளைத்தாள் ஒன்றும் மேசையில் இருந்தது. 2023 டிசம்பர், கீழ்த்தளம், இருக்கை மட்டம் வரை நீர். மாற்றிய உறுப்புகள் இவை. மாற்றாமல் விட்டவை இவை என்று தம் கையெழுத்திலேயே எழுதியிருந்தார். இரண்டு சாட்சிகளின் இடம் காலியாக இருந்தது. ஒன்றில் நாம் கையொப்பமிட்டோம். மற்றொன்றில் அவருடைய மகன்.